குருதியில் ஒரு காவற்படை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் மணக்கும்; இன்னிசை முழங்கும்; நம் சிறுவர் சிறுமியர் நாடகம் நடித்து நம்மை மகிழ்விப்பர். அத்தகைய மேடையில் அறிவியல் பற்றி அரை மணி நேரம் பேசுமாறு செயற்குழுவினர் இவ்வாண்டு எம்மைப் பணித்துள்ளனர். இக்குடியிருப்பின் பள்ளியில் முப்பது ஆண்டு உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் என்னும் ஒரு தகுதி தவிர எமக்கு வேறு தகுதி இல்லை. யாம் மருத்துவர் அல்லோம், ஆராய்ச்சியாளரும் அல்லோம். ஆயினும் இப்பணியை விரும்பி ஏற்றோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பிள்ளைக்கு வயது ஏழு. முகம் வெளுத்தது. அடிபடாமலே கால்களில் நீலத் தழும்புகள் தோன்றின. கடைத்தெருவில் ஒருவர், 'உடம்பின் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் பொடி' என்று சொல்லி ஒரு டப்பாவை அவ்வீட்டாருக்கு விற்றார். மூன்று வாரங்கள் அப்பொடியிலேயே கழிந்தன. அந்த மூன்று வாரங்களுக்குள் யாமும் ஒரு நாள் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம், காப்பி அருந்தினோம், பலகையின்மேல் இருந்த டப்பாவையும் கண்டோம். 'குருதியைச் சோதித்தீர்களா?' என்று ஒரு சொல் கேட்டோமில்லை. நான்காம் வாரம் சோதித்தபொழுது அது குருதிப் புற்று என்று தெரிந்தது.

அதன்பின் பெருநகரத்து மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் அப்பிள்ளையின் தாயைக் கண்டோம். அவர் எம்மிடம் படித்தவர். எம்மைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: "ஐயா, வெள்ளணுக்கள் உடம்பைக் காவல் காக்கின்றன என்று எங்களுக்கு நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? என் பிள்ளை உடம்பில் அந்தக் காவல் எங்கே போயிற்று? நான் ஊட்டி வளர்த்ததில் ஏதேனும் குறையா?"

அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. வீடு திரும்பியபின் கிடைத்த நூல்களையும் ஆய்வுரைகளையும் தேடிப் படித்தோம். இச்சொற்பொழிவு அத்தாயின் வினாவிற்கு யாம் காலம் தாழ்த்தித் தரும் விடை. அக்குடும்பத்தாரின் இசைவு பெற்றே இதனை இங்குக் கூறுகின்றோம்.

கொல்லிகள் கண்டறியப்பட்ட வரலாறு

நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களுள் பல வகை உண்டு. சில வகை அணுக்கள் ஒரு பகைவனை ஒருமுறை கண்டு, அவனை நினைவிற்கொண்டு, பின்னர்ப் பெருகிப் போரிடுவன. அம்மை குத்துவதும் தடுப்பூசி இடுவதும் இந்நினைவாற்றலை நம்பியே. ஆனால் இந்த நினைவுப் படை அணிவகுக்கச் சில நாள்கள் ஆகும். அதுவரை உடம்பு என் செய்யும்?

1970களின் தொடக்கத்தில் புற்றணுக்களைக் குருதியணுக்களோடு ஒரு குடுவையில் சேர்த்து ஆராய்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். புற்றை முன்பு கண்டறியாத உடம்பிலிருந்து எடுத்த வெள்ளணுக்களும் புற்றணுக்களைக் கொன்றன. இது சோதனையில் நேர்ந்த பிழை என்றே பலர் முதலில் எண்ணினர். 1975ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரால்ஃப் கீஸ்லிங், ஏவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ரொனால்டு ஹெர்பர்மனும், தனித்தனியே சுண்டெலிகளைக் கொண்டு ஆராய்ந்து, இது பிழையன்று, தனியொரு வகை அணுக்களின் தொழில் என்று நிறுவினர். முன்பயிற்சியின்றி இயல்பாகவே கொல்லும் ஆற்றல் உடைமையால் அவற்றிற்கு 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்று பெயர் வந்தது. ஆங்கில எழுத்துக்களால் சுருக்கி என்.கே. அணுக்கள் என்பர். நம் குருதியில் உள்ள நிணவணுக்களுள் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் கொலைக் கருவிகள் கொடியவை. அணுவின் உள்ளே சிறு சிறு மணிகள் உள்ளன. அவற்றுள் பர்ஃபோரின் என்னும் புரதம் எதிரணுவின் தோலில் துளையிடும். கிரான்சைம் என்னும் நொதிகள் அத்துளையின் உதவியால் உட்புகுந்து, எதிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளுமாறு செய்யும். இத்தகைய கருவிகளைத் தாங்கியவாறு இவ்வணுக்கள் இரவும் பகலும் நம் உடம்பெங்கும் உலவுகின்றன. அங்ஙனமாயின் இவை நம் ஈரலையும் நெஞ்சையும் ஏன் கொல்வதில்லை? எதனைக் கொல்வது, எதனை விடுவது என்று எவ்வாறு அறிகின்றன? இவ்வினாவே இன்றைய பேச்சின் உயிர்.

'பாஸ்' இல்லாதவன்

நம்மில் பலர் நாள்தோறும் ஆலை வாயிலில் 'பாஸ்' காட்டி உள்ளே செல்பவர்கள். வாயிற்காவலர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாஸைப் பார்க்கிறார். அது சரியாக இருந்தால் கை அசைத்து அனுப்பிவிடுகிறார். நம் உடம்பிலும் ஏறத்தாழ எல்லா அணுக்களும் அத்தகைய பாஸ் ஒன்றைத் தம் மேற்பரப்பில் தாங்கியுள்ளன. அதற்கு எச்.எல்.ஏ. முதல் வகுப்பு என்று பெயர். அணுவின் உள்ளே உருவாகும் புரதங்களின் துணுக்குகளை வெளியே காட்டுவது அதன் தொழில். வைரசு புகுந்தால் அதன் துணுக்கும் வெளியே தெரிந்துவிடும். நினைவுப் படையைச் சேர்ந்த அணுக்கள் அதனைக் கண்டு தாக்கும். ஆகவே சூழ்ச்சி மிக்க வைரசுகளும் சில புற்றணுக்களும் என் செய்கின்றன தெரியுமா? பாஸையே கழற்றி எறிந்துவிடுகின்றன. காட்டிக்கொடுக்கும் சீட்டு இல்லையேல் பிடிபடுவதும் இல்லையன்றோ!

இங்கேதான் இயற்கைக் கொல்லி அணுக்கள் குறுக்கிடுகின்றன. கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிளாஸ் கேரெ என்பார், 'இவ்வணுக்கள் தேடுவது பகைவனின் அடையாளத்தை அன்று. நம்மவர் என்னும் அடையாளம் இல்லாமையை' என்று கருதினார். 1986ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளரும் இக்கருத்தைச் சோதனையால் மெய்ப்பித்தனர். ஒரே புற்றிலிருந்து வந்த இரு கிளை அணுக்களை எலிகளுக்குச் செலுத்தினர். ஒரு கிளைக்குப் பாஸ் உண்டு; மற்றதற்குப் பெரும்பாலும் இல்லை. பாஸ் உள்ளது வளர்ந்தது. இல்லாததை இயற்கைக் கொல்லிகள் அழித்தன. பின்னர் 1990களில், பாஸைக் கண்டதும் கொல்லியின் கையைத் தடுக்கும் ஏற்பிகள் எலியிலும் மனிதரிலும் கண்டறியப்பட்டன. ஏற்பி என்பது அணுவின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் ஒரு புரதம். தனக்குப் பொருந்தும் பொருள் ஒன்றைத் தொட்டால் உள்ளே செய்தி அனுப்பும். மனிதரில் கே.ஐ.ஆர். என்னும் குடும்பத்தின் பெரும்பகுதி இத்தகைய தடுக்கும் ஏற்பிகளே.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. நம் செங்குருதி அணுக்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எச்.எல்.ஏ. பாஸ் இல்லையென்றே சொல்லிவிடலாம். கோடானுகோடி செவ்வணுக்கள் பாஸின்றி ஓடிக்கொண்டிருக்க, அதே ஆற்றில் மிதக்கும் கொல்லிகள் அவற்றைத் தீண்டுவதில்லை. ஆதலின் பாஸ் இல்லை என்பது மட்டும் மரண தண்டனைக்குப் போதாது. 'இவனிடத்தில் ஏதோ தீங்கு உண்டு' என்று கூறும் மற்றொரு சான்றும் வேண்டும். அச்சான்றைத் தொட்டறிபவையே தூண்டும் ஏற்பிகள். தடுக்கும் ஏற்பி வண்டியின் பிரேக் என்றால், தூண்டும் ஏற்பி அதன் விசை. பிரேக்கை விடுவதால் மட்டும் நிற்கும் வண்டி ஓடிவிடாது.

தூண்டும் ஏற்பிகள் ஐந்து வகை

அவற்றுள் தலையாயவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம். பெயர்கள் எண்ணும் எழுத்துமாக இருப்பது கண்டு மாணவர்கள் மலைக்க வேண்டா. நம் குடியிருப்பு வீடுகளுக்கும் எண்ணும் எழுத்தும்தாமே பெயர்!

முதலாவது சி.டி. 16. இது தானே பகைவனைத் தேடாது. நினைவுப் படை உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் பகையணுவின்மேல் சென்று ஒட்டிக்கொள்ளும். இரு கைகளால் பகைவனைப் பற்றிய எதிர்ப்பொருளின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அக்காம்பைப் பிடிப்பது சி.டி. 16. பிடித்ததும் கொல்லி கிளர்ந்தெழும். இதனை மருத்துவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இசைவு பெற்ற ரிட்டக்சிமாப் என்னும் மருந்து, நிணவணுப் புற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளே. சி.டி. 16 மனிதர்க்கு மனிதர் ஓர் இடத்தில் சிறிது வேறுபடும். அதன் 158ஆம் இடத்தில் வேலின் என்னும் அமினோ அமிலம் உடையோரில் பிடி வலிது, ஃபெனைல் அலனின் உடையோரில் பிடி தளர்வு. முன்னவர்க்கு இம்மருந்து மிகுதியும் பயன்பட்டதென 2002ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு வகை நிணவணுப் புற்றில் கண்டனர். ஒரே மருந்து இருவர்க்கு இருவேறு பயன் தருவதன் காரணங்களுள் ஒன்று இங்ஙனம் புலனாயிற்று.

இரண்டாவது, இத்தாலி நாட்டு ஜெனோவா நகரில் அலெசாண்ட்ரோ மொரெட்டாவும் அவர் உடன்பிறந்தார் லொரென்சோ மொரெட்டாவும் தம் குழுவினருடன் 1997 முதல் 1999 வரை கண்டறிந்த மூன்று ஏற்பிகள். என்.கே.பி. 46, என்.கே.பி. 44, என்.கே.பி. 30 என்பன அவை. எண்கள் புரதத்தின் எடையைக் குறிப்பன. இவற்றுள் 46உம் 30உம் ஓய்ந்திருக்கும் கொல்லிகளிலும் உண்டு. 44 கிளர்ச்சி பெற்ற பின்னரே தோன்றும். இவை தொட்டறியும் பொருள்களைக் காண ஆய்வாளர்கள் பல்லாண்டு உழைத்தனர். இன்ஃபுளுயன்சா வைரசின் மேற்பரப்புப் புரதத்தை என்.கே.பி. 46 அறியும் என்று 2001ஆம் ஆண்டிலும், சில புற்றணுக்களில் தோன்றும் பி7–எச்6 என்னும் புரதத்தை என்.கே.பி. 30 அறியும் என்று 2009ஆம் ஆண்டிலும் தெரிந்தது.

மூன்றாவது என்.கே.ஜி. 2டி. தாய்மார்கள் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ளலாம். அடுத்த வீட்டில் இடர் நேர்ந்தால் கதவைத் தட்டிக் கூவுவார்கள் அன்றோ? அதுபோல், இடருற்ற அணு தன் மேற்பரப்பில் சில கொடிகளை ஏற்றும். மைகா, மைக்பி என்பனவும், யு.எல்.பி.பி. என்னும் ஆறு உறுப்பினர் கொண்ட குடும்பமும் அக்கொடிகள். நலமாக உள்ள அணுக்களில் பெரும்பாலானவற்றில் இவை இரா, அல்லது மிகக் குறைவாகவே இருக்கும். வெப்பம் தாக்கினாலோ, வைரசு புகுந்தாலோ, மரபுப் பொருளான டி.என்.ஏ. சிதைந்தாலோ இவை மிகும். மைகாவைத் தொட்டறியும் ஏற்பி என்.கே.ஜி. 2டி என்பது 1999ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

நான்காவது டி.என்.ஏ.எம். 1. இது தொட்டறியும் இரு பொருள்களுள் ஒன்று சி.டி. 155. இப்பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் பழம்பகை. இளம்பிள்ளை வாதத்தை விளைக்கும் போலியோ வைரசு நம் அணுக்களுக்குள் நுழைவது இந்தச் சி.டி. 155 என்னும் கதவின் வழியேதான். 2014ஆம் ஆண்டில் நம் நாடு போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. சொட்டு மருந்து இட நாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதன் பயன் அது. அந்த வைரசு கதவாகக் கொண்ட புரதமே, பல புற்றணுக்களில் மிகுந்து தோன்றும்பொழுது, கொல்லிக்கு அடையாளம் காட்டுகிறது.

ஐந்தாவது 2பி4. இது பிற குருதியணுக்களில் உள்ள சி.டி. 48 என்பதைத் தொடும். இதன் செயலுக்கு அணுவின் உள்ளே சாப் என்னும் சிறு துணைப் புரதம் வேண்டும். அத்துணை இல்லாத ஆண் பிள்ளைகள் அரிதாகப் பிறப்பதுண்டு. அவர்களில் 2பி4 தூண்டுவதற்கு மாறாகத் தடுக்கத் தொடங்கிவிடும். பிறர்க்குப் பெரும்பாலும் எளிதில் கடந்துபோகும் எப்ஸ்டைன்–பார் வைரசு அப்பிள்ளைகளின் உயிருக்கே உலையாகும். இந்நோய்க்குரிய மரபணு 1998ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஒரு சிறு புரதம் பழுதானால் விசையே பிரேக் ஆகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரு சாவி

இத்துணை ஏற்பிகள் எதற்கு? ஒன்று போதாதோ? 2006ஆம் ஆண்டில் எரிக் லாங் என்பாரும் உடனாய்வாளரும் இதற்கு விடை கண்டனர். குருதியிலிருந்து எடுத்த, ஓய்ந்திருக்கும் கொல்லிகளில் ஒவ்வோர் ஏற்பியாகத் தூண்டிப் பார்த்தனர். சி.டி. 16 ஒன்றே தனித்துக் கொலை மணிகளை வெளியிடச் செய்தது. ஏனையவை தனித்தனியே தூண்டப்பட்டால் அணு பெரும்பாலும் வாளாவிருந்தது. ஆனால் என்.கே.ஜி. 2டியையும் 2பி4ஐயும் ஒருங்கே தூண்டியபொழுது அணு எழுந்தது. வங்கியில் நகைப் பெட்டகம் திறக்க இரு சாவி வேண்டும். ஒன்று நம்மிடம், மற்றொன்று வங்கியாரிடம். இரண்டும் கூடினாலன்றிக் கதவு திறவாது. உடம்பும் கொலைக் கருவியை அங்ஙனமே பூட்டி வைத்திருக்கிறது. ஒரு தவறான குறியைக் கண்டு நலமுள்ள அணுவைக் கொன்றுவிடலாகாது என்னும் முன்னெச்சரிக்கை இஃது. ஆனால் உடம்பில் நோய்ப் போர் மூண்டு, இன்டர்லூகின் 2 முதலிய செய்திப் பொருள்கள் பெருகினால், அவற்றால் ஊட்டம் பெற்ற கொல்லிகள் குறைந்த தூண்டலுக்கும் எழும். அபாயச் சங்கு ஊதியபின் வாயிற்காவலர் கெடுபிடி கூடுவதைப் போன்றது இது.

மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்வேற்பிகளுள் பல, தொடும் கை உடையனவே தவிர உள்ளே செய்தி சொல்லும் நா இல்லாதன. அருகில் உள்ள துணைப் புரதங்களே அவற்றின் நா. என்.கே.ஜி. 2டிக்கு டாப் 10 என்பதும், என்.கே.பி. 44க்கு டாப் 12 என்பதும், சி.டி. 16க்கும் என்.கே.பி. 46, 30 ஆகியவற்றிற்கும் ஸீட்டா, காமா என்னும் சங்கிலிகளும் துணை. வெவ்வேறு நாக்கள் வெவ்வேறு வழியில் செய்தி சொல்வதனாலேயே, அவை ஒன்று கூடும்பொழுது வலிமை பெருகுகிறது.

தாயின் வினாவிற்கு விடை

இனி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எம்மைக் கேட்ட வினாவிற்கு வருவோம். காவல் இருந்தும் புற்று வந்தது ஏன்?

முதலாவது, புற்று வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. நம் வீட்டில் பிறந்து நெறி பிறழ்ந்தவன். அவன் கையில் பெரும்பாலும் நம் வீட்டுப் பாஸே இருக்கும். அதனைக் கண்ட கொல்லி பிரேக்கை விடுவதில்லை. இரண்டாவது, எல்லாப் புற்றணுவும் இடர்க்கொடி ஏற்றுவதில்லை. மூன்றாவது, ஏற்றிய கொடியையும் கழற்றி வீசும் சூழ்ச்சி அதற்கு உண்டு. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தாமஸ் ஸ்பைஸ் என்பாரின் குழுவினர் இதனைக் கண்டனர். சில புற்றுகள் மைகாவை வெட்டிக் குருதியில் மிதக்க விடுகின்றன. மிதக்கும் கொடிகளை நம்மவர் அணுக்கள் பற்றிப் பற்றித் தம் என்.கே.ஜி. 2டியை உள்ளே இழுத்துக்கொண்டுவிடுகின்றன. காவலர் கண் மங்கிவிடுகிறது. வைரசும் இக்கலையில் தேர்ந்தது. மனித சைட்டோமெகாலோ வைரசு தன் யு.எல். 16 என்னும் புரதத்தால் மைக்பி, யு.எல்.பி.பி. கொடிகள் சிலவற்றை அணுவுக்குள்ளேயே சிறைப்படுத்திவிடும். யு.எல்.பி.பி. என்னும் பெயரே 'யு.எல். 16ஐப் பற்றும் புரதம்' என்பதன் சுருக்கம்.

எனவே அத்தாய்க்கு யாம் கூறும் விடை இதுவே: அம்மா, உன் பிள்ளையின் உடம்பில் காவல் இல்லாமற் போகவில்லை. நீ ஊட்டியதில் குறையும் இல்லை. கோடிக்கணக்கான அணுக்கள் பெருகும்பொழுது மரபுப் பொருளில் நேரும் பிழை, காவலின் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. அது யாருடைய குற்றமும் அன்று.

அங்ஙனமாயின் இக்காவல் பயனற்றதோ என்று எண்ணிவிடாதீர்கள். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினர். அவள் குருதியில் இயற்கைக் கொல்லிகள் இல்லை. சின்னம்மை வைரசும் அதன் இனத்தைச் சேர்ந்த பிறவும் அவளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடுமையாகத் தாக்கின. நமக்கு வந்து போன சின்னம்மை வந்த சுவடின்றிப் போனதற்கு யார் காரணம் என்பது அச்சிறுமியின் துன்பத்தால் விளங்கிற்று.

இவ்வணுக்களின் பெயர் கொல்லி. ஆனால் தொழில் கொலை மட்டுமன்று. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாயின் கருப்பையின் உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 இவ்வகையின. அங்கு அவை குழந்தையைக் கொல்வதில்லை. குழந்தைக்குக் குருதி கொணரும் நாளங்கள் விரிய உதவுகின்றன. கே.ஐ.ஆர். குடும்பத்தில் சில தூண்டும் ஏற்பிகளும் உண்டு. அவற்றுள் கே.ஐ.ஆர். 2டி.எஸ். 1 என்பது தாயிடத்தில் இருந்தால், குருதியழுத்தம் உயர்ந்து தாயையும் சேயையும் வருத்தும் கருக்கால நோய் வரும் வாய்ப்பு குறைகிறதெனக் கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் அம்மையாரும் அவர் குழுவினரும் 2004, 2010ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. தூண்டும் ஏற்பிகள் குறைந்த மரபுத் தொகுதி ஜப்பானியரிடையே மிகுதி. அவை மலிந்த தொகுதி நம் இந்திய மக்களிடையே மிகுதி. ஏன் இவ்வேறுபாடு? நோயும் மகப்பேறும் காலங்காலமாக இத்தொகுதிகளைச் சலித்தெடுத்தன என்பது அறிஞர் கருத்து.

மருத்துவத்தில் இதன் பயன்

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. குருதிப் புற்றுக்கு எலும்பு மச்சை மாற்றும் மருத்துவம் உண்டு. உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஆனால் தாயும் தந்தையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி பொருந்துவர். இத்தாலியின் பெரூஜா நகர ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பாதி பொருந்திய கொடையாளரின் கொல்லிகள் நோயாளியின் பாஸைத் தம்முடையதென ஏற்காத இடங்களில், ஒரு வகைக் கடுங்குருதிப் புற்று மீண்டும் தலைதூக்குவது குறைந்ததெனக் கண்டனர். எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா முறைகளிலும் ஒரே பயன் கிட்டிற்று என்பதற்கில்லை. ஆயினும் புதிய வழி ஒன்று திறந்தது.

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. குழந்தை பிறந்ததும் நாம் எறிந்துவிடும் கொப்பூழ்க்கொடியின் குருதியிலிருந்து கொல்லி அணுக்களை எடுத்தனர். சி.டி. 19 என்னும் புற்று அடையாளத்தைத் தொட்டறியுமாறு மனிதரே வடிவமைத்த தூண்டும் ஏற்பி ஒன்றை அவற்றில் பொருத்தினர். பிற மருந்துகளுக்கு அடங்காத 11 நோயாளிகளுக்குச் செலுத்தினர். 8 பேரிடம் பயன் தெரிந்தது. அவர்களுள் 7 பேரிடம் நோயின் சுவடே மறைந்தது. பதினொருவர் என்பது சிறு தொகை. பல்லாயிரவரிடம் சோதித்தாலன்றி முடிவு கூறலாகாது. ஆனால் இயற்கை செய்த ஏற்பியைப் படித்து, மனிதன் தானே ஓர் ஏற்பி செய்யக் கற்றான் என்பது சிறு செய்தியன்று.

இதனை இவ்வளவு விரித்துரைத்ததன் நோக்கம் ஒன்று உண்டு. 'எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்' என்று விற்கப்படும் பொடியும் சாறும் நம் வாயிலுக்கே வருகின்றன. அவற்றை விற்பவரிடம் இனி நீங்கள் கேளுங்கள்: எந்த அணுவின் எந்த ஏற்பியை இது தூண்டும்? தடுக்கும் ஏற்பியை என் செய்யும்? எத்தனை நோயாளிகளிடம் யார் சோதித்தார்? பெருக்குவது ஒன்றே நலம் என்பதும் உண்மையன்று. பிரேக் இல்லாத வண்டி எங்குப் போய் முட்டும் என்று சொல்ல வேண்டுமா? உணவும் உறக்கமும் உழைப்பும் உடம்புக்கு நல்லவை. நம் பாட்டியர் வைத்த மிளகுச் சாற்றையும் யாம் குறை கூறோம். ஆனால் புற்றைப் பொடியால் வெல்லலாம் என்பார் சொல்லை நம்பி நாளைக் கடத்தலாகாது.

நெடுநாள் விட்டு விட்டு வரும் காய்ச்சல், காரணமின்றி வெளுக்கும் முகம், அடிபடாமல் தோன்றும் நீலத் தழும்பு, ஈறில் கசியும் குருதி, ஓயாத எலும்பு வலி இவற்றுள் எதனைப் பிள்ளைகளிடம் கண்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்டிக் குருதிச் சோதனை செய்யுங்கள். பெரும்பாலும் அது வேறு சிறு நோயாகவே இருக்கும். மனம் ஆறுதல் கொள்ளும். குருதிப் புற்றாகவே இருப்பினும், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் வகை, உரிய காலத்தில் முறையாக மருத்துவம் தொடங்கி இடைவிடாது செய்தால் பெரும்பாலோர் பிழைக்கும் நோய். நம் குடியிருப்பில் அத்தகைய மருத்துவத்திற்குச் செல்லும் குடும்பம் இருந்தால், வீட்டில் எஞ்சிய பிள்ளைக்குச் சோறிடுவதும், குருதி தேவைப்படும் நாளில் நம் இளைஞர் வரிசையில் நிற்பதும் சங்கத்தின் கடமை. சொந்த ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உறவினர்.

அப்பிள்ளைக்கு மருத்துவம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடி உதிர்ந்து மீண்டும் முளைத்திருக்கிறது. சென்ற வாரம் பெற்றோருடன் ஊர் திரும்பியவன் எம்மைக் கண்டு, "தாத்தா, என் உடம்பில் போலீஸ் இருக்கிறதாமே, அம்மா சொன்னாள். அவர்களுக்கு லத்தி உண்டா?" என்று கேட்டான். "லத்தி உண்டு, ஆனால் இரண்டு சாவி போட்டுத்தான் எடுப்பார்கள்" என்றோம். "சாவி யாரிடம்?" என்றான்.

அவ்வினாவிற்கு முழு விடை காண உலகெங்கும் அறிஞர் உழைக்கின்றனர். இம்மண்டபத்தில் அமர்ந்துள்ள மாணவ மணிகளுள் ஒருவரேனும் நாளை அவ்வுழைப்பில் பங்கு கொள்வீராயின், முப்பதாண்டு ஆசிரியத் தொழிலின் பயனை யாம் பெற்றவராவோம். பெரியோர்களிடம் யாம் வேண்டுவது எளியது. அடுத்த வீட்டுப் பலகையில் அத்தகைய டப்பா ஒன்றைக் கண்டால், யாம் வாளாவிருந்ததுபோல் நீங்கள் வாளாவிராதீர்கள், 'குருதியைச் சோதித்தீர்களா?' என்று கேளுங்கள்.